8 ஜிபி லேப்டாப்பில் டேட்டாபேஸ் ஆய்வு: தேவகோட்டை வாசகிக்குப் பதில்

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டை முடிக்கப் போகிறேன். சொந்த ஊர் தேவகோட்டை. டேட்டாபேஸ், டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் (பல கணினிகள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்வது) இரண்டும் எனக்குப் பிடித்த பாடங்கள். அதிலேயே ஆய்வு செய்து, அதையே வேலையாக்கிக்கொள்ள ஆசை. என்னிடம் இருப்பது 8 ஜிபி லேப்டாப் ஒன்றுதான். ஆயிரக்கணக்கில் சர்வர் வைத்திருப்பவர்கள் செய்யும் ஆய்வில் நான் எங்கே நுழைவது? "டேட்டாபேஸில் எல்லாம் கண்டுபிடித்தாயிற்று, ஏஐ படி" என்கிறார்கள் நண்பர்கள். அப்பா காரைக்குடியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். "ஆராய்ச்சி என்றால் இங்கே சிக்ரி மின்வேதியியல் ஆய்வகத்தில் நடக்கிறதே, அதுபோலவா? கம்ப்யூட்டரில் என்ன ஆராய்ச்சி?" என்று கேட்கிறார். கேட் நுழைவுத் தேர்வு எழுதவா, வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கவா, வளாகத் தேர்வில் கிடைக்கும் வேலைக்குப் போகவா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் லேப்டாப். இந்தத் துறையின் கேள்விகள் இரண்டு வகை. "எவ்வளவு பெரிதாக, எவ்வளவு வேகமாக ஓட்டலாம்" என்பது ஒன்று. அதற்கு சர்வர் கூட்டம் வேண்டும், அதில் நீங்கள் இப்போது போட்டி போட முடியாது. "இது சொன்னபடி சரியாக நடக்கிறதா, எப்போது தவறும், ஏன்" என்பது மற்றொன்று. இதற்கு ஒரு லேப்டாப்பும் நிறையப் பொறுமையும் போதும். மூன்று நோடுகள் (நெட்வொர்க்கில் உள்ள கணினிகள்) சேர்ந்து செய்யும் தவறு பெரும்பாலும் முந்நூறு நோடுகளிலும் அதே தவறுதான். ஆகவே அடுத்த ஓராண்டுக்கு இரண்டாம் வகைக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்த முடிவில் இருந்து வருவதுதான்.

"எல்லாம் கண்டுபிடித்தாயிற்று" என்ற பேச்சுக்கு வருவோம். டேட்டாவை அட்டவணைகளாக வைக்கும் ரிலேஷனல் மாதிரியை எட்கர் காட் 1970-ல் எழுதினார், 11 பக்கக் கட்டுரை. டிரான்சாக்ஷன் (பரிமாற்றம்) பற்றிய அடிப்படைகளை ஜிம் கிரே எழுபதுகளிலேயே வகுத்தார். இவை மாறவில்லை. மாறிக்கொண்டே இருப்பது அவற்றைச் சுமக்கும் வன்பொருள். சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஓர் இடத்தைத் தேடிப் படிக்க ஏறக்குறைய 10 மில்லிவினாடி ஆகும். இன்றைய என்விஎம்இ எஸ்எஸ்டி டிரைவில் அது 0.1 மில்லிவினாடி. நூறு மடங்கு வித்தியாசம் வரும்போது, டிஸ்க்தான் தடை என்று எண்ணி எழுதிய அத்தனை வழிமுறையையும் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது. அமேசான் தன் அரோரா டேட்டாபேஸுக்கு 2017-ல் வெளியிட்ட வடிவமைப்பில் டேட்டா பக்கங்களை அனுப்புவதே இல்லை. லாக் (மாற்றங்களின் வரிசைக் குறிப்பு) மட்டும் சேமிப்பகத்துக்குப் போகிறது. மூன்று மண்டலங்களில் ஆறு பிரதி, எழுத நான்கு, படிக்க மூன்று சம்மதம் வேண்டும். பழைய லாக் கருத்துதான், ஆனால் வைத்த இடம் புதிது. ஏஐ வந்ததால் இது குறையவில்லை. வெக்டர் தேடல், பயிற்சியின் நடுவே நிலையைச் சேமிப்பது, ஏஐ எழுதித் தரும் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி) சரியா என்று பார்ப்பது என்று வேலை கூடித்தான் இருக்கிறது.

வன்பொருளைப் பின்தொடரும் ஆய்வில் ஓர் ஆபத்தும் உண்டு. மின்சாரம் போனாலும் அழியாத இன்டெல் ஆப்டேன் நினைவகத்தை நம்பிப் பல ஆண்டுகள் கட்டுரைகள் குவிந்தன. 2022-ல் அந்தப் பொருளையே நிறுத்துவதாக அறிவித்தார்கள். சரித்தன்மை பற்றிய கேள்விகளுக்கு இப்படிக் காலாவதி கிடையாது. உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க இதுவும் ஒரு காரணம்.

அப்பாவின் கேள்விக்கு அவருடைய மேசையிலேயே விடை இருக்கிறது. கடையில் நடப்பதை நடந்தவுடன் சிட்டையில் எழுதுவார். பிறகு நிதானமாகப் பேரேட்டில் அவரவர் பக்கத்தில் ஏற்றுவார். பேரேடு நனைந்து போனாலும் சிட்டை இருந்தால் திரும்ப எழுதிவிடலாம், சிட்டை போனால் போனதுதான். டேட்டாபேஸும் இதையேதான் செய்கிறது. சிட்டைதான் லாக், பேரேட்டுப் பக்கம்தான் டேட்டா பக்கம். லாகில் எழுதி, அது டிஸ்கில் உறுதியாகப் பதிந்த பிறகே "கமிட் ஆயிற்று", அதாவது பரிமாற்றம் உறுதியாயிற்று, என்று சொல்ல வேண்டும். ரங்கூனிலும் பினாங்கிலும் நகரத்தார் கடை வைத்திருந்த காலத்தில் ஐந்தொகை கப்பல் தபாலில் ஊருக்கு வந்தது. ஊரில் இருந்த கணக்கு எப்போதும் சில வாரம் பழையதாகவே இருந்திருக்கும். இன்று இதைப் பின்தங்கிய பிரதி என்கிறோம். அந்தப் பழைய கணக்கை நம்பி முதலாளி ஒரு முடிவெடுத்தால் எதெல்லாம் கெடும், எது கெடாது என்பதைத் துல்லியமாகச் சொல்வதுதான் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் ஆய்வு. அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், அவர் உங்களைவிடக் கூர்மையான கேள்வி கேட்கக்கூடும்.

சி. மோகன் என்ற பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பிறந்தவர். ஐஐடி மெட்ராஸில் 1977-ல் பட்டம் பெற்றது வேதிப் பொறியியலில். 1981-ல் ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலையில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம். பிறகு ஐபிஎம் ஆய்வகம். ஐபிஎம் சக ஆய்வாளர்களுடன் அவர் 1992-ல் வெளியிட்ட ஏரிஸ் என்ற மீட்பு முறைதான் இன்று பெரும்பாலான டேட்டாபேஸ் மீட்பு முறைகளுக்கு மூலம். கட்டுரை 69 பக்கம், முதலில் அதைத் திறக்காதீர்கள், மூச்சு முட்டும். அதன் சாரத்தைக் கணக்குப் புத்தகத்தை வைத்தே பிடித்துவிடலாம். பேரேட்டின் ஒவ்வொரு பக்க ஓரத்திலும் "சிட்டையில் இத்தனாவது வரி வரை ஏற்றியாயிற்று" என்று குறித்து வையுங்கள். அந்த எண்தான் பக்கத்தின் எல்எஸ்என் (லாக் வரிசை எண்). விபத்துக்குப் பிறகு சிட்டையை மறுபடி படிக்கும்போது, அந்த எண் வரையிலான வரிகளைத் தாண்டிவிடலாம். அதனால் எதுவும் இருமுறை ஏறாது. பாதியில் நின்ற பரிமாற்றத்தை அழிப்பதில்லை, எதிர்ப்பதிவு போடுகிறோம். அந்த எதிர்ப்பதிவும் சிட்டையில் ஏறுகிறது. ஏனென்றால் திருத்திக்கொண்டிருக்கும்போதே மறுபடி மின்சாரம் போகலாம். எதுவரை திருத்தினோம் என்று தெரியாவிட்டால் திருத்தத்தையே திருத்தத் தொடங்கிவிடுவோம்.

இனி வேலை. ஜூன் மாதம் முழுவதையும் ஒரு சிறிய கீ-வேல்யூ சேமிப்பகம் (ஒரு பெயருக்கு ஒரு மதிப்பை வைத்துத் தருவது) எழுதச் செலவிடுங்கள். கோ, ரஸ்ட், சி++ எதுவானாலும் சரி. ஆயிரம் வரிக்குள் முடியும். ஒவ்வொரு பதிவும் இப்படி இருக்கட்டும்: 4 பைட் நீளம், 4 பைட் செக்சம் (பதிவு சிதையவில்லை என்று சரிபார்க்கும் எண்), பரிமாற்ற எண், கீ, வேல்யூ. கோப்பின் கடைசியில் சேர்த்து எழுதி, எஃப்சிங்க் (எழுதியதை டிஸ்கில் உறுதியாகப் பதியவைக்கும் கட்டளை) அழைத்து, அது திரும்பிய பிறகே பயனருக்கு "சரி" அனுப்ப வேண்டும். மறுபடி தொடங்கும்போது முதலில் இருந்து படித்து வாருங்கள். செக்சம் பொருந்தாத முதல் பதிவில் நின்று, அங்கேயே கோப்பை வெட்டிவிடுங்கள். புதிய லாக் கோப்பு உருவாக்கினால் அது இருக்கும் டைரக்டரிக்கும் எஃப்சிங்க் கொடுக்க வேண்டும். இதை மறப்பவர்கள் நிறைய. கோப்பின் உள்ளடக்கம் டிஸ்கில் இருக்கும், பெயர் இருக்காது.

இங்கே எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு. புரோகிராமை கில் மைனஸ் 9 கொடுத்து நிறுத்தி, மறுபடி ஓட்டி, "டேட்டா பத்திரமாக இருக்கிறது" என்று எழுதிவிடுவார்கள். அது எதையும் நிரூபிக்காது. நீங்கள் எழுதியது ஏற்கெனவே இயங்குதளத்தின் கருவான கெர்னலின் நினைவகத்துக்குப் போய்விட்டது. புரோகிராம் இறந்தாலும் கெர்னல் உயிரோடு இருக்கிறதே, அது மெதுவாக டிஸ்கில் எழுதிவிடும். எஃப்சிங்க் வரியையே அழித்துவிட்டாலும் அந்தச் சோதனை தேறும். சாக வேண்டியது இயங்குதளம். க்யூஎம்யூ போன்ற மெய்நிகர் கணினி ஒன்றை 1 ஜிபி நினைவகத்தில் ஓட்டுங்கள். உள்ளே உங்கள் சேமிப்பகம் எழுதிக்கொண்டிருக்கட்டும், வெளியே இருந்து க்யூஎம்யூவையே கொல்லுங்கள். எழுதத் தொடங்கிய சில வினாடிக்குள் கொல்ல வேண்டும். லினக்ஸ் வழக்கமாக 30 வினாடி ஆன அழுக்குப் பக்கங்களை (இன்னும் டிஸ்கில் எழுதாதவற்றை)த் தானாகவே டிஸ்குக்குத் தள்ளிவிடும். அதுவரை காத்திருந்தால் தவறான புரோகிராமும் தேறிவிடும். எந்தப் பதிவுகளுக்கு "சரி" வந்தது என்ற பட்டியலை மெய்நிகர் கணினிக்கு வெளியே வையுங்கள். மீண்டு வந்ததும் ஒப்பிடுங்கள். "சரி" வந்த ஒன்று காணாமல் போனால் தவறு. "சரி" வராத ஒன்று இருந்தால் தவறில்லை. இதை ஸ்கிரிப்ட் எழுதி 500 முறை ஓட்டுங்கள். இந்த முறையிலும் ஓட்டை உண்டு: உள்ளே இருந்து வெளியேறி மெய்நிகர் டிஸ்குக்கு வந்துவிட்டவை, ஃப்ளஷ் ஆகாவிட்டாலும், வெளிக் கணினியின் நினைவில் பிழைத்துவிடும். அதையும் அறிக்கையில் எழுதுங்கள். தன் சோதனை எதைப் பிடிக்காது என்று எழுதும் மாணவரைப் பேராசிரியர்கள் உடனே கவனிப்பார்கள்.

எஃப்சிங்க்குக்கு ஆகும் நேரத்தை அளந்து வையுங்கள். சாதாரண எஸ்எஸ்டியில் பெரும்பாலும் அரை மில்லிவினாடியில் இருந்து சில மில்லிவினாடி வரை காட்டும். 20 மைக்ரோவினாடி என்று வந்தால் மகிழாதீர்கள். கோப்பு நினைவகத்திலேயே இருக்கும் டெம்ப் டைரக்டரியில் கிடக்கலாம், எழுதியது டிஸ்கையே தொடவில்லை. 7200 சுற்று ஹார்ட் டிஸ்கில் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிவினாடி, ஆகவே ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு சுற்று காத்திருந்தால் வினாடிக்கு 120 கமிட்தான். 50 பரிமாற்றங்களைச் சேர்த்து ஒரே எஃப்சிங்க் கொடுத்தால் 6000. இதற்குத்தான் குரூப் கமிட் என்று பெயர். எஃப்சிங்க் தோல்வி அடைந்தால் என்ன செய்வது என்பதையும் யோசியுங்கள். "மறுபடி அழைக்கலாம்" என்பதே பல ஆண்டுகளாகப் பலரும் நம்பியது. லினக்ஸில் தோல்விக்குப் பிறகு அந்தப் பக்கங்கள் சுத்தமானவை என்று குறிக்கப்பட்டுவிடலாம், இரண்டாவது அழைப்பு வெற்றி என்று திரும்பலாம், டேட்டா மட்டும் டிஸ்கில் இருக்காது. போஸ்ட்கிரெஸ் என்ற திறந்த மூல டேட்டாபேஸின் குழு 2018-ல் இதைக் கண்டு, பிறகு எஃப்சிங்க் தோற்றால் சர்வரையே நிறுத்தி லாகில் இருந்து மீட்கும்படி மாற்றினார்கள். இருபது ஆண்டுக்கு மேல் பழகிய மென்பொருளில் இப்படி ஒரு கேள்வி மிச்சம் இருந்தது என்பதை உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் ராஃப்ட்: பல நோடுகள் ஒரு தலைவரைத் தேர்ந்து, ஒரே லாகை ஒத்துக்கொள்ளும் முறை. ஓங்காரோவும் ஊஸ்டர்ஹவுட்டும் 2014-ல் வெளியிட்டது. விரிவான பதிப்பு 18 பக்கம். எம்ஐடியின் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் பாடத்தின் பயிற்சிகள் கோ மொழியில் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. ஒரே லேப்டாப்பில் ஓடும். 3 நோடு இருந்தால் 1 சாகலாம், 5 இருந்தால் 2. நான்காவது நோடு சேர்த்தால் தாங்கும் எண்ணிக்கை கூடாது, பெரும்பான்மைக்கு மூவர் தேவைப்படுவதால் ஒவ்வொரு எழுத்தும் இன்னொருவருக்காகக் காத்திருக்கும். மாணவர்கள் தவறும் இடங்கள் மூன்று. ஒன்று, யாருக்கு வாக்களித்தேன் என்பதை டிஸ்கில் எழுதும் முன்பே பதில் அனுப்புவது. நோடு விழுந்து எழுந்தால் அதே தவணையில் (தேர்தல் சுற்றில்) இன்னொருவருக்கும் வாக்களிக்கும், இரண்டு தலைவர்கள் வந்துவிடுவார்கள். இரண்டு, எந்தச் செய்தி வந்தாலும் தேர்தல் கடிகாரத்தை மீட்டி வைப்பது. பழைய தவணைத் தலைவரின் செய்திக்கும் அப்படிச் செய்தால் புதிய தேர்தல் நடக்கவே நடக்காது. மூன்று, முந்தைய தவணையின் பதிவு பெரும்பான்மை நோடுகளில் இருப்பதாலேயே அதை உறுதியானது என்று எண்ணுவது. கட்டுரையின் 8-வது படம் இதற்காகவே போடப்பட்டது. அதைத் தாளில் கையால் வரைந்து பாருங்கள், வேறு வழியில் புரியாது. சோதனை ஒருமுறை தேறினால் நம்பாதீர்கள். ஆயிரம் முறைக்கு மூன்று முறை மட்டும் தவறுவதுதான் இந்தத் துறையின் இயல்பு. இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள், த்ரெட்கள் ஒன்றோடொன்று மோதுவதைப் பிடிக்கும் ரேஸ் டிடெக்டரோடு.

நெட்வொர்க் தாமதத்தைச் செயற்கையாக உண்டாக்க லினக்ஸில் நெட்எம் இருக்கிறது. கணினி தன்னோடு தானே பேசும் லூப்பேக் வழியில் 50 மில்லிவினாடி தாமதம் வைத்தால், போக 50, வர 50 என்று சுற்றுக்கு 100 ஆகும். இதை மறந்து 50 என்று வரைபடத்தில் எழுதியவர்கள் உண்டு.

அளப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நல்ல யோசனைகளும் இங்கேதான் கெடுகின்றன. ஒரு கிளையன்ட் கோரிக்கை அனுப்பி, பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்புகிறது என்று வையுங்கள். சர்வர் ஒரு வினாடி உறைந்துவிட்டால் உங்கள் பட்டியலில் தாமதமான கோரிக்கை ஒன்றே ஒன்று. உண்மையில் வினாடிக்கு 1000 பேர் வரும் இடமாக இருந்தால் ஆயிரம் பேரும் காத்திருப்பார்கள், சராசரியாக அரை வினாடி. அளவுகோலே சர்வரோடு சேர்ந்து நின்றுவிட்டதால் தவறு மறைந்துவிடுகிறது. பதிலுக்குக் காத்திராமல் நேரப்படி அனுப்புங்கள். தாமதத்தைக் கோரிக்கை போயிருக்க வேண்டிய நேரத்தில் இருந்து எண்ணுங்கள். சராசரியை மட்டும் சொல்லாமல் 50, 99, 99.9 விழுக்காட்டு எண்களைச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 100 சர்வர்களைக் கேட்டு உருவாகிறது, ஒவ்வொன்றும் நூற்றில் ஒருமுறைதான் தாமதிக்கிறது என்றால், பயனர்களில் 63 விழுக்காட்டினர் ஒரு தாமதத்தையாவது சந்திப்பார்கள். 0.99-ஐ நூறு முறை பெருக்கிப் பாருங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை ஒன்று, வெயில். மே மாதப் பிற்பகலில் லேப்டாப் சூடேறி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் ஓட்டிய பழைய முறையும் மதியம் ஓட்டிய புதிய முறையும் ஒப்பீடே ஆகாது. பிராசசரின் டர்போ வேகத்தை அணையுங்கள், சார்ஜரில் போட்டே ஓட்டுங்கள், இரண்டு முறைகளையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள்: பழையது, புதியது, பழையது, புதியது என்று பத்துத் தடவை. முதல் ஒரு நிமிடத்தை விட்டுவிடுங்கள். கிளையன்ட்டும் சர்வரும் ஒரே கணினியில் இருந்தால் தனித்தனி கோர்களில் கட்டி வையுங்கள், இல்லையென்றால் அளக்கும் கருவியே சர்வரின் நேரத்தைத் தின்னும்.

இவ்வளவு கைப்பழக்கம் வந்த பிறகு ஆய்வுக் கேள்வி. இரண்டு சொல்கிறேன், இரண்டும் உங்கள் லேப்டாப்புக்கு அடங்கும்.

முதலாவது ஐசொலேஷன், ஒரே நேரத்தில் ஓடும் பரிமாற்றங்கள் ஒன்றையொன்று கெடுக்காமல் பார்ப்பது. ஒரு பெரிய வீட்டுக்கு இரண்டு காவலாளிகள், ஒருவராவது எப்போதும் இருக்க வேண்டும் என்று விதி. இருவரும் ஒரே நேரத்தில் விடுப்புக் கேட்கிறார்கள். ஒவ்வொரு பரிமாற்றமும் "மற்றவர் இருக்கிறார்" என்று பார்த்துவிட்டுத் தன் வரியை மட்டும் மாற்றுகிறது. இரண்டும் கமிட் ஆனால் வீட்டில் யாரும் இல்லை. போஸ்ட்கிரெஸில் இரண்டு டெர்மினல் திறந்து செய்து பாருங்கள். ரீட் கமிட்டட், ரிபீட்டபிள் ரீட் என்ற தளர்ந்த நிலைகள் இரண்டிலும் இருவரும் போய்விடுவார்கள். பரிமாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது போன்ற விளைவைத் தரும் சீரியலைசபிள் நிலையில் ஒருவருக்கு 40001 என்ற பிழை வரும், அந்தப் பரிமாற்றத்தை முதலில் இருந்து மறுபடி ஓட்ட வேண்டும். புதிதாக வரும் சிறு டேட்டாபேஸ்கள் "சீரியலைசபிள் தருகிறோம்" என்று ஆவணத்தில் எழுதுகின்றன. அது உண்மையா என்று வரலாற்றைப் பதிவுசெய்து சோதிக்க ஜெப்சன், எல் (Elle) போன்ற திறந்த கருவிகள் இருக்கின்றன. ஒரு டேட்டாபேஸை எடுத்து, ஆவணம் சொல்வதற்கும் நடப்பதற்கும் உள்ள இடைவெளியைத் திரும்பச் செய்யத்தக்க ஒரு சோதனையாகக் காட்டினால், அது செல்லுபடியாகும் ஆய்வு.

இரண்டாவது நம் மொழியோடு சேர்ந்தது, யாராவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன். யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் எண் வரிசை நம் அகரவரிசை இல்லை. ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, பிறகு ல, ள, ழ, வ என்று போகிறது. புள்ளி வைத்த க், எல்லாக் ககர உயிர்மெய்க்கும் பின்னால் போய்விடும். ஆகவே சரியான வரிசைக்குக் கொலேஷன் நூலகத்தை (சொற்களை வரிசைப்படுத்தும் விதிகளை வைத்திருப்பது) நம்ப வேண்டும். பி-மரம் என்ற இண்டெக்ஸ் அந்த வரிசையை நம்பியே கட்டப்படுகிறது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு 2018-ல் வந்தபோது வரிசை விதிகள் மாறின. பழைய பதிப்பில் கட்டிய இண்டெக்ஸைப் புதிய பதிப்பில் திறந்தால், இருக்கும் பெயரையே "இல்லை" என்று சொல்லத் தொடங்கியது. தலைமை நோடு ஒரு பதிப்பிலும் பிரதி இன்னொரு பதிப்பிலும் ஓடினால் இரண்டும் ஒரே பைட்டுகளை வைத்துக்கொண்டு வேறு வேறு விடை சொல்லும். தமிழ்ப் பெயர்கள், ஊர்ப் பெயர்கள் வைத்து எந்தெந்தப் பதிப்பு மாற்றங்கள் எந்தெந்தச் சொற்களை இடம் மாற்றுகின்றன, எத்தனை விழுக்காட்டு இண்டெக்ஸ் பக்கங்கள் கெடுகின்றன, கெட்டதை இண்டெக்ஸ் முழுவதையும் மறுபடி கட்டாமல் கண்டுபிடிக்க முடியுமா என்று அளக்கலாம். காரைக்குடியில் இருந்து செய்வதில் உங்களுக்கு எந்தக் குறையும் இல்லை, ஒரு கூடுதல் வசதிகூட இருக்கிறது.

கட்டுரை படிக்கும் முறை. வாரம் ஒன்று போதும். முதல் நாள் சுருக்கம், படங்கள், முடிவு மட்டும். மறுநாள் வடிவமைப்புப் பகுதி, தோல்வி பற்றிய பகுதிக்குத் தனி நேரம். மூன்றாம் நாள் கட்டுரையை மூடிவைத்து ஒரு பக்கம் தமிழிலேயே எழுதுங்கள்: எதை எதிர்பார்த்துக் கட்டியிருக்கிறார்கள், எந்த எதிர்பார்ப்பு உடைந்தால் விழும். வரிசை வேண்டுமானால் லாம்போர்ட்டின் 1978 கடிகாரக் கட்டுரை, 2003-ன் கூகுள் ஃபைல் சிஸ்டம், 2007-ன் டைனமோ, 2012-ன் ஸ்பானர், பிறகு அரோரா, ஏரிஸ். யூஸ்னிக்ஸ் மாநாடுகளின் கட்டுரைகளும் விஎல்டிபி கட்டுரைகளும் இலவசமாகவே கிடைக்கும். கார்னகி மெலன் பல்கலையின் டேட்டாபேஸ் பாட வகுப்புகள் யூடியூபில் முழுமையாக இருக்கின்றன.

வெளியிடுவதில் ஓர் எச்சரிக்கை. நாலு நாளில் ஏற்றுக்கொண்டு, சில ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு அச்சிடும் இதழ்களில் ஒருபோதும் போடாதீர்கள். கல்லூரியில் மதிப்பெண் தருவார்கள் என்றாலும் வேண்டாம். நல்ல ஆய்வுக் குழுவில் விண்ணப்பத்தைப் பார்ப்பவர் அந்தப் பெயரைக் கண்டதும் மற்றதையும் சந்தேகிப்பார். இந்தத் துறையில் மதிப்புள்ளவை பெரும்பாலும் மாநாடுகள்: சிக்மாட், விஎல்டிபி, ஐசிடிஇ, எஸ்ஓஎஸ்பி, ஓஎஸ்டிஐ. முதல் முயற்சியை இவற்றோடு நடக்கும் ஒருநாள் பட்டறைகளுக்கோ, இந்தியாவில் நடக்கும் கோட்ஸ், கோமாட் போன்ற மாநாடுகளுக்கோ அனுப்பலாம். அதுவும் இல்லையென்றால் கோடு, டேட்டா, எட்டுப் பக்க அறிக்கை மூன்றையும் பொதுவில் வைத்துவிடுங்கள். அதற்கே மதிப்புண்டு.

இப்போது பாதை. கேட் கட்டாயம் எழுதுங்கள். விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பரில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். மதிப்பெண் மூன்றாண்டு செல்லும், ஆகவே வேலைக்குப் போனாலும் வீணாகாது. ஆனால் எம்டெக் வகுப்புப் படிப்பைவிட, ஆய்வு வழி முதுநிலையைத் தேடுங்கள்: ஐஐடி மெட்ராஸின் எம்எஸ், ஐஐஎஸ்சியின் எம்டெக் ரிசர்ச் போன்றவை. நேர்முகத்தில் டேட்டா ஸ்ட்ரக்சர், நிகழ்தகவு, இயங்குதளம் மூன்றையும் அடிமட்டம் வரை தோண்டுவார்கள். "கண்டிஷன் வேரியபிளை ஏன் இஃப் போடாமல் வைல் போட்டுக் காத்திருக்கிறோம்" என்ற அளவில் கேள்வி வரும். இந்தியாவில் முனைவர் பட்ட ஆய்வாளருக்கு 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (முதுநிலை) 42,000 ரூபாய், தகுதியிருந்தால் வீட்டு வாடகைப்படி தனி. வீட்டில் பணம் பற்றிய பேச்சு வரும்போது இந்த எண்களைச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் இளநிலை முடித்தே நேராக முனைவர் படிப்புக்குப் போகலாம், கட்டணமும் உதவித்தொகையும் பெரும்பாலும் துறையே பார்த்துக்கொள்ளும். பெரும்பாலான கடைசித் தேதிகள் டிசம்பர் நடுவில். உங்கள் வேலையை அருகில் இருந்து பார்த்த மூவர் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும். உங்களிடம் இன்று அந்த மூவர் இல்லை என்று தோன்றுகிறது. அதனால் இந்த டிசம்பரில் பத்து இடத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டாம். முதலில் இந்தியாவில் ஆய்வு வழி முதுநிலை, பிறகு வெளிநாடு என்பதே உங்கள் நிலையில் உறுதியான வழி. ஜெர்மனியில் முனைவர் ஆய்வுக்கு முன் பொதுவாக முதுநிலைப் பட்டம் வேண்டும். டேட்டாபேஸுக்குப் பெயர்பெற்ற மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு 2024 குளிர்காலப் பருவம் முதல் கட்டணம் உண்டு. முதுநிலைக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ. "ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் இதைக் கேளுங்கள்.

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் பத்து வரியைத் தாண்டக் கூடாது. "எனக்குச் சிறுவயதிலிருந்தே ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். அவருடைய ஒரு கட்டுரையின் ஒரு படத்தை நீங்கள் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். "உங்கள் 6-வது படத்தில் 8 த்ரெட் வரை ஏறுகிறது, என் கணினியில் 4-லேயே நின்றுவிட்டது, காரணம் இதுவாக இருக்கலாம் என்று இந்த அளவீட்டில் இருந்து எண்ணுகிறேன், சரியா?" என்று கேட்டு, கோடின் இணைப்பைக் கொடுங்கள். இந்த மாதிரிக் கடிதத்துக்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம். வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கோடை ஆய்வுக்கு ஐஐடி மெட்ராஸும், இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்தும் திட்டங்கள் நடத்துகின்றன. விண்ணப்பம் பல மாதம் முன்பே தொடங்கிவிடலாம் என்பதால் முந்தைய ஆண்டில் இருந்தே பார்த்து வாருங்கள்.

வளாகத் தேர்வில் கிடைக்கும் வேலை. குடும்பத்துக்கு இப்போது சம்பளம் தேவையென்றால் தயங்காமல் போங்கள். ஓரிரு ஆண்டு வேலை ஆய்வைக் கெடுக்காது. எந்தக் குழு என்பதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். சேமிப்பகம், டேட்டாபேஸ் நிர்வாகம், நம்பகத்தன்மை பார்க்கும் குழு என்றால் நல்லது, அங்கே நள்ளிரவில் விழும் ஒவ்வொரு சர்வரும் உங்களுக்கு ஒரு கேள்வி தரும். என்ன உடைந்தது, முதல் அறிகுறி எது, உண்மைக் காரணம் எது என்று தேதியோடு குறிப்பு வையுங்கள், நிறுவனத்தின் ரகசியம் எதுவும் அதில் ஏறாமல். கையெழுத்துப் போடும் முன் பாண்ட் பிரிவை முழுக்கப் படியுங்கள்: எத்தனை மாதம், பாதியில் விலகினால் எவ்வளவு, பயிற்சிக் காலமும் அதில் சேருமா. அசல் சான்றிதழ்களை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள், சரிபார்க்கக் காட்டிவிட்டு அன்றே திரும்ப வாங்குங்கள். ஐஐடி சேர்க்கையின்போது அசல் கையில் இல்லாவிட்டால் இடமே போய்விடும்.

எஃப்சிங்க் சோதனையை 500 முறை ஓட்டிய பிறகு முடிவுகளோடு எழுதுங்கள். தேறியவற்றைவிடத் தவறியவற்றை விரிவாக எழுதுங்கள், அங்கிருந்து அடுத்த கேள்வியைச் சேர்ந்து பார்க்கலாம்.